ஓலை வாசித்தபோது கேட்காத கேள்வி

தென்தமிழகத்தின் கத்தோலிக்க மறைமாவட்டம் ஒன்றில் குடும்ப நலப் பணிக்குழு ஆலோசகராக இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆற்றுப்படுத்துதலில் பயிற்சி பெற்றிருக்கிறேன், அவ்வளவுதான். குருவும் (பாதிரியாரும்) இல்லை, வழக்கறிஞரும் இல்லை. கீழே எழுதியிருப்பது ஒரு தம்பதியின் கதை. அவர்கள் இருவரும் இதைத் தனித்தனியே படித்துப் பார்த்து, எழுதலாம் என்றார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். இந்த வழக்கில் நானும் தவறு செய்தேன், அதையும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

பெண்ணுக்கு அப்போது வயது 26. கணக்காளராக வேலை. ஆணுக்கு 32. மென்பொருள் நிறுவனமொன்றில் நல்ல பதவி. இரண்டு குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். மாப்பிள்ளையின் அம்மா தங்கள் கோவில் பங்கில் மரியாயின் சேனை என்ற பக்திச் சபையை முன்னின்று நடத்துபவர், கணவரை இழந்தவர், ஒரே மகன். உறவுக்காரர் ஒருவர் மூலமாக வந்த சம்பந்தம். கல்யாணத்துக்கு முன் இருவரும் இரண்டு முறை பேசியிருந்தார்கள். இரண்டு முறையும் பக்கத்து அறையில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

திருச்சபைச் சட்டம் கேட்பதெல்லாம் முறைப்படி நடந்தது. திருமணத் தயாரிப்பு வகுப்புக்கு இருவரும் போனார்கள். மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கப்பட்டது. 'இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று அறிவித்தார்கள். யாரும் வரவில்லை. திருமணத்துக்கு முந்தைய விசாரணை பங்குத்தந்தையின் அலுவலகத்தில் கால் மணி நேரத்தில் முடிந்தது. மணமக்களை ஒன்றாக உட்காரவைத்து, பெற்றோரும் கூட இருக்க, 'முழு மனச் சுதந்திரத்தோடு சம்மதிக்கிறீர்களா?' என்று கேட்டார்கள். இருவரும் ஆம் என்று கையெழுத்துப் போட்டார்கள். திருமணம் 2019 ஜனவரியில் நடந்தது.

அடுத்த இரண்டு வருடத்தை அந்தப் பெண் பின்னால் எனக்குச் சொன்னபடி சுருக்கமாகத் தருகிறேன். கணவர் கோபப்பட்டதில்லை, குடித்ததில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் விடுமுறை போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தார். ஆனால் தொடமாட்டார். முதலில் வேலைக் களைப்பு, பிறகு முதுகுவலி, பிறகு காரணமே சொல்லவில்லை. எட்டாம் மாதத்தில் மாமியார் 'விசேஷம் எதுவும் உண்டா?' என்று கேட்க ஆரம்பித்தார். முதலாண்டு முடிவதற்குள் குழந்தைப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார். தாம்பத்யம் இயல்பாக இருக்கிறதா என்ற கேள்விக்கும் அவர்தான் 'அதெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க' என்றார். மருமகள் தலையை அசைத்தாள். கருமுட்டை வளர்வதற்கென்று மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டாள். கணவனின் விரல்கூடப் படாத ஒரு பெண்.

பிறகு தியான இல்லம். அங்கே கணவருக்குத் தலையில் கைவைத்துச் செபித்தார்கள். இவளிடம் பரம்பரைச் சாபம் பற்றி விசாரித்தார்கள். பிறகு 2020இன் ஊரடங்கு. மூன்று பேரும் ஒரே வீட்டில் மாதக்கணக்கில் அடைந்திருந்தார்கள். 2021 மார்ச்சில் அவள் அம்மா வீட்டுக்கு வந்தாள், திரும்பிப் போகவில்லை.

ஜூலையில் கணவர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 32ஆம் பிரிவின்படி, தகுந்த காரணமின்றிப் பிரிந்து போன மனைவி தாம்பத்திய உரிமைகளை மீட்டளிக்கத் திரும்ப வேண்டும் என்றது. பெண்ணின் அப்பா அதை எடுத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் ஓட, அவர் 'சமரசம் பேசிப் பாருங்கள்' என்று என்னிடம் அனுப்பினார்.

முதல் மூன்று சந்திப்புகள்

இங்கேதான் நான் தவறினேன். என் கைக்கு வந்த காகிதத்தில் 'சமரசம்' என்று எழுதியிருந்தது. அதையே நோயின் பெயராக எடுத்துக்கொண்டேன். மூன்று வாரம் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தே பேசினேன். மாமியாரோடு ஒத்துப்போவது, தனிக்குடித்தனம், வேலை நேரம் என்று பேச்சு ஓடியது. இரண்டாம் சந்திப்பில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 7ஆம் அதிகாரத்தை எடுத்து, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமையிலிருந்து விலகக்கூடாது என்ற பகுதியை வாசித்தேன். வாசிக்கும்போது அவளைப் பார்த்தபடி வாசித்தேன். வீட்டை விட்டு வந்தவள் அவள் என்பதால். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.

மூன்றாம் சந்திப்பில் அவருக்கு அலைபேசி அழைப்பு வந்து வெளியே போனார். அந்த இரண்டு நிமிடத்தில் அவள் சொன்னாள்: "டீச்சர், என்னைய ஒரு தடவ தனியா கேளுங்க."

அடுத்த வாரம் தனியாகக் கேட்டேன். "ஒரு நாள்கூட இல்ல டீச்சர்" என்றாள். முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது புரிந்தது. இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருக்கிறாள். அவளுடைய சித்தியிடம். சித்தி எபேசியர் 5ஆம் அதிகாரத்தைக் காட்டி, மனைவி கணவனுக்குப் பணிந்து நடந்தால் அவன் மனம் தானாக மாறும் என்றாராம். தியான இல்லத்தில் அவளுக்குச் சொன்ன வசனம் வேறு: மனைவியின் உடலுக்கு அதிகாரி அவள் இல்லை, கணவனே.

அந்த வசனத்தை அன்றிரவு திரும்ப வாசித்தேன். எத்தனையோ திருமண வகுப்பில் நானே சொன்ன வசனம். அதே வாக்கியத்தின் அடுத்த பாதி, கணவனின் உடலுக்கும் அதிகாரி அவன் இல்லை, மனைவியே என்கிறது. அதற்கு அடுத்த வசனம் இருவரும் இசைந்தாலன்றி விலகியிருக்க வேண்டாம் என்கிறது. எபேசியரிலும் அப்படித்தான். மனைவியர் பணிந்திருக்கட்டும் என்ற வரிக்கு முந்தைய வரி, ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்பது. முதல் நூற்றாண்டில் ஆணின் உடலையும் பெண்ணின் உரிமைக்குள் வைத்து எழுதிய ஒரு பகுதி, எங்கள் வீடுகளுக்குள் வரும்போது பாதி வசனமாக வந்துசேர்கிறது. அந்தப் பாதியை நான் என் குரலில் அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

கணவர் சொன்னது

அவரையும் தனியாக அழைத்தேன். முக்கால் மணி நேரம் நிறுவனத்தில் ஆட்குறைப்பு பற்றிப் பேசினார். நான் குறுக்கிடவில்லை. பிறகு, "நான் சொன்னா நீங்க அம்மாகிட்ட சொல்வீங்களா?" என்றார். மாட்டேன் என்றேன்.

அவருக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு என்றுமே இருந்ததில்லை. 15 வயதில் தெரிந்துகொண்டார். 22 வயதில் ஒப்புரவு அருளடையாளத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) ஒரு குருவிடம் சொன்னார். நிறைய செபிக்கச் சொல்லிவிட்டு, நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்தக் குரு அறிவுரை கொடுத்தார். 29 வயதில் வேறொரு ஊரில் ஒரு மருத்துவரிடம் போனார். அவர் இதை நோய் என்றே சொல்லி, நான்கு மாதம் மருந்து கொடுத்து, 'இனி பொண்ணு பாக்கலாம்' என்று அனுப்பிவைத்தார். இவர் நம்பினார். நம்ப விரும்பினார் என்பதுதான் சரி.

"செப்டம்பர் 6ஆம் தேதி தீர்ப்பு வந்துச்சில்ல மேடம், அன்னிக்கு ஆபீஸ் பாத்ரூம்ல நின்னு போன்ல பாத்தேன். நான் குத்தவாளி இல்லன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. சாயங்காலம் வீட்டுக்குப் போனா அம்மா கல்யாணப் பத்திரிகைக்கு மாடல் பாத்துட்டிருக்காங்க."

2018 செப்டம்பர் 6. தன்பாலின உறவை, வயதுவந்தோர் மனமொத்து ஈடுபடும் அளவில், இந்திய தண்டனைச் சட்டம் 377இன் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்த நாள். நாட்டின் சட்டம் ஒரு மனிதனை விடுவித்த அதே வாரம் அவன் வீடு அவனை நிச்சயம் செய்தது. அந்த வீட்டுக்கு நாட்டின் சட்டமும் எட்டவில்லை. திருச்சபையின் சட்டமும் எட்டவில்லை.

ஏனென்றால் எங்கள் சட்டம் அந்தக் குரு சொன்ன அறிவுரையைச் சொல்லவில்லை. 1917ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டத் தொகுப்பில் திருமணத்தின் இரண்டாம் நோக்கங்களில் ஒன்றாக 'இச்சைக்கு மருந்து' என்ற சொற்றொடர் இருந்தது. 1983இல் வந்த இப்போதைய தொகுப்பு அதை விட்டுவிட்டது. அதன் 1055ஆம் சட்டம் துணைவர்களின் நன்மையையும் குழந்தைகளைப் பெற்று வளர்ப்பதையும் பற்றிப் பேசுகிறது. தன்பால் உறவை ஒழுங்கற்றது என்று கற்பிக்கும் மறைக்கல்வி நூல்கூட, அத்தகைய மனிதர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அவர்களைக் கற்புடைமைக்கு அழைக்கிறது. அந்தப் போதனையோடு ஒருவர் உடன்படலாம், முரண்படலாம். ஆனால் 'ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்' என்று அதில் ஓர் இடத்திலும் இல்லை. 1983இல் சட்டத்திலிருந்து போன 'மருந்து', ஒப்புரவுத் தொட்டியிலும் வீட்டுத் திண்ணையிலும் இன்றும் கொடுக்கப்படுகிறது. அந்த மருந்தாக ஆக்கப்பட்டவள் ஒரு 26 வயதுப் பெண்.

மருத்துவமும் அந்தப் பக்கம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. நான் இவரைச் சந்தித்ததற்குச் சில மாதம் முன்பு, 2021 ஜூன் 7 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்திருந்தார். தீர்ப்பு எழுதுமுன் தன் அறியாமையை ஒப்புக்கொண்டு, தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். அதைப் படித்துவிட்டு நானும் அப்படியே செய்தேன். இந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் இரண்டு அமர்வு உட்கார்ந்தேன். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் இத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

அவர் கிளம்பும்போது சொன்ன ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். "மத்தேயு 19ல ஆண்டவர் கல்யாணத்தப் பத்திப் பேசினதும் சீடர்கள் பயந்து, அப்ப கட்டாமலே இருக்கலாமேங்கறாங்க. அதுக்கு அவரு, சிலர் பிறவியிலேயே மணவாழ்வுக்கு ஆகாதவங்கன்னு சொல்றாரு. கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்கக்கூடாதுன்னு எங்க கல்யாணத்துல வாசிச்சாங்க. ஆறு வசனம் தள்ளி இருக்கிறத யாருமே வாசிக்கல."

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு என்னுடையது. அவர் சொன்னதை நான் மனைவியிடம் சொல்ல முடியாது. ஆனால் உண்மையைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அது தெரியாத ஒருத்தியை எதிரில் உட்காரவைத்துச் சமரசம் பேசவும் முடியாது. கூட்டு அமர்வுகளை நிறுத்துவதாகவும், காரணத்தை அவரே சொல்வதற்கு நான் துணை நிற்பதாகவும் சொன்னேன். காலக்கெடு வைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவரே வந்தார்.

என் அலுவலகத்தில் சொன்னார். நான் அடுத்த அறையில் இருந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் சத்தம் போடவில்லை. நெடுநேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்த மாத்திரையெல்லாம் ஏன் சாப்பிட விட்டீங்க?" அவரிடம் பதில் இல்லை. இந்த வழக்கு முழுவதிலும் யாராலும் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வி அதுதான். அவர் நிலைமையை நான் புரிந்துகொள்கிறேன், பரிவும் உண்டு. ஆனாலும் அந்த மூன்று மாதத்துக்கு அவர்தான் பொறுப்பு. இதை அவரிடமும் சொன்னேன்.

இரண்டாவது, அந்த 32ஆம் பிரிவு அறிவிப்பு. அம்மாவின் வற்புறுத்தலில் அனுப்பியது என்று அவரே திரும்பப் பெற்றார். மத நூல்தான் பெண்ணைப் படுக்கைக்குத் திருப்பி அனுப்புகிறது, நாட்டின் சட்டம் அப்படியெல்லாம் கேட்காது என்று நினைப்பவர்கள் இந்தப் பிரிவைப் படிக்க வேண்டும். தாம்பத்திய உரிமை மீட்பு என்பது இங்கிலாந்தின் திருச்சபை நீதிமன்றங்களில் பிறந்த வழக்குமுறை. இங்கிலாந்து அதை 1970இல் ஒழித்துவிட்டது. நம் நாட்டில் கிறிஸ்தவர்களுக்கான சட்டத்திலும் இந்துத் திருமணச் சட்டம் 9ஆம் பிரிவிலும் இன்னும் இருக்கிறது. ஒரு பெண்ணைத் திரும்பக் கூப்பிடுமுன் அங்கே என்ன நடந்தது என்று கேட்காத பழக்கம் சித்தியிடம் மட்டும் இல்லை.

மூன்றாவது, எந்த நீதிமன்றம் முதலில். குடும்பத்தார் பலரும் திருச்சபைத் தீர்ப்பாயம் விடுவித்தால் போதும் என்று நினைத்திருந்தார்கள். அது ஆபத்தான எண்ணம். தீர்ப்பாயத்தின் முடிவு நாட்டின் சட்டத்தில் திருமணத்தை முடித்துவைக்காது என்று உச்ச நீதிமன்றம் 1996இலும், திரும்பவும் 2017இலும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த முடிவை மட்டும் நம்பி மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றமாகிவிடும். எனவே குடிமைச் சட்டம் முதலில்.

அங்கே வழக்கறிஞர் காட்டிய வழிகள் பல. அதே விவாகரத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி ஆண்மையின்மை என்று திருமணத்தை இல்லாநிலையாக்கக் கேட்கலாம். ஆனால் அது உண்மையில்லை, மருத்துவப் பரிசோதனைக்கும் இழுக்கும். 2001 திருத்தத்துக்குப் பின் 10ஆம் பிரிவில் உள்ளபடி, வேண்டுமென்றே தாம்பத்யத்துக்கு மறுத்தார் என்று விவாகரத்து கேட்கலாம். வெல்லக்கூடிய வழக்குதான், ஆனால் எல்லாவற்றையும் வழக்காடி நிரூபிக்க வேண்டும். பெண்ணின் அண்ணன், மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக 498ஏ பிரிவில் புகார் கொடுக்க நின்றான். 'ஊரே தெரிஞ்சுக்கட்டும்' என்றான். அவள்தான் மறுத்தாள். "அவரு எங்கிட்ட மறைச்சாரு. அதுக்காக அவர ஊர் நடுவுல நிறுத்துற வேலை எனக்கு வேண்டாம்ணே. என் நகைய வாங்கிக் குடு, போதும்."

முடிவாகத் தேர்ந்தது 10ஏ பிரிவு, பரஸ்பர சம்மத விவாகரத்து. இதற்கு ஒரு விலை உண்டு. இந்துக்களுக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கும் ஓராண்டு பிரிந்திருந்தால் போதும் என்றிருக்க, கிறிஸ்தவர்களுக்கான சட்டம் இரண்டாண்டு கேட்கிறது. மனுவுக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் பொறுக்க வேண்டும். ஒரே நாட்டில், ஒரே துயரத்துக்கு, மதத்தைப் பொறுத்து ஓராண்டு கூடுதலாகக் காத்திருப்பு. அவள் காத்திருந்தாள். நகையும் சீராகக் கொடுத்த பணமும் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன.

தீர்ப்பாயத்தில்

திருச்சபைக்குள் எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் அதிகம் யோசித்தோம். திருமணத்தை உருவாக்குவது இருவரின் மனச்சம்மதமே, அதை எந்த மனித அதிகாரத்தாலும் ஈடுசெய்ய முடியாது என்பது 1057ஆம் சட்டம். எங்கள் பாலியல் ஒழுக்கப் போதனை முழுவதுக்கும் இதுதான் அடித்தளம் என்று நான் நம்புகிறேன். சம்மதத்தில் குறை இருந்தால் திருமணமே செல்லாது. அப்படியானால் எந்தக் குறை?

1098ஆம் சட்டம் வஞ்சித்துப் பெற்ற சம்மதத்தைப் பற்றியது. வழக்கு அதற்குப் பொருந்தும். ஆனால் தன்னை வஞ்சகன் என்று தீர்ப்பு எழுதுவதற்கு அவர் ஒத்துழைக்கத் தயங்கினார். 1095ஆம் சட்டத்தின் மூன்றாம் பகுதி, உளவியல் காரணங்களால் திருமணத்தின் முக்கியக் கடமைகளை ஏற்க இயலாமை. தீர்ப்பாயங்கள் இத்தகைய வழக்குகளில் அதிகம் கையாள்வது இதைத்தான். நிபுணர் அறிக்கை தேவைப்படும். மருத்துவ உலகம் கைவிட்ட 'நோய்' என்ற முத்திரையை நாங்களே மறுபடி குத்துகிறோமோ என்ற உறுத்தல் எனக்கு.

தீர்ப்பாயத் தலைவரான குரு மூன்றாவது கதவைக் காட்டினார். முறையாக நடந்து, உடலுறவால் நிறைவுபெறாத திருமணத்தை, நியாயமான காரணத்துக்காகத் திருத்தந்தை கலைக்கலாம் என்கிறது 1142ஆம் சட்டம். இருவரும் கேட்கலாம், ஒருவர் மறுத்தாலும் மற்றவர் கேட்கலாம். இது குற்றம் சாட்டும் வழக்கு இல்லை. யாரையும் வஞ்சகன் என்றோ நோயாளி என்றோ எழுத வேண்டியதில்லை. ஒரு சலுகையைக் கேட்கும் விண்ணப்பம்.

அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னைய டாக்டர் பாக்கணுமா?" வேண்டியதில்லை. இருவரின் சத்தியப்பிரமாண வாக்குமூலமும், அவர்கள் உண்மை பேசுபவர்கள் என்று உறுதிசொல்லும் சாட்சிகளும், சூழ்நிலைச் சான்றுகளும் சேர்ந்து உறுதியளித்தால் உடல் பரிசோதனை அவசியமில்லை. இதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

தொடர்ந்து நடந்தவை

2023இன் இறுதியில் குடும்ப நீதிமன்றம் விவாகரத்து வழங்கியது. 2024 தொடக்கத்தில் தீர்ப்பாய விசாரணை தொடங்கியது.

எதிர்பாராத சிக்கல் குழந்தைப்பேறு மருத்துவமனைக் கோப்பிலிருந்து வந்தது. மாத்திரை சாப்பிட்டதற்குச் சான்றாக அவளே கொடுத்த கோப்பு. முதல் பக்கத்திலேயே 'தாம்பத்யம் இயல்பு' என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தது. திருமணப் பிணைப்பைக் காக்கும் பொறுப்பிலுள்ள குரு அதைச் சுட்டிக்காட்டி, பிரமாணத்துக்கும் இதற்கும் முரண்பாடு உள்ளதே என்றார். அவர் வேலை அது. அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மாமியார் சொன்ன பதில், தலையசைத்த மருமகள், எழுதிக்கொண்ட செவிலியர் என்று மூன்று பேர் கைமாறி வந்த அந்த ஒரு வரியை உடைக்க மூன்று மாதம் ஆனது. கடைசியில் கணவரே கூடுதல் வாக்குமூலம் கொடுத்தார். அன்று தான் அந்த மருத்துவமனைக்கு வெளியே வாகனத்தில் உட்கார்ந்திருந்ததையும், உள்ளே போகத் துணிவில்லாமல் போனதையும் எழுதினார். அந்தத் தாளைப் படித்த அவள், அவரை முழுதாக மன்னிக்க முடிந்தது அன்றுதான் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மறைமாவட்டத் தலைவரான ஆயரின் கருத்துரையோடு கோப்பு ரோமுக்குப் போனது. காத்திருந்த நாட்களில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், ஒரு குழந்தை, இவளுக்கும் பிடித்திருந்தது. பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம், கோவில் பிறகு பார்க்கலாம் என்றார்கள் அவர்கள் வீட்டார். சட்டப்படி அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் திருச்சபையின் பார்வையில் முதல் பிணைப்பு இன்னும் இருக்கிறது, அப்படி மணந்தால் திருப்பலியில் நற்கருணை (திருவிருந்து) வாங்க முடியாது என்று பங்குத்தந்தை சொன்னார். அவர் சொன்னது சட்டப்படி சரி. அவள் காத்திருக்கத் தீர்மானித்தாள். எட்டு மாதம் பார்த்துவிட்டு அவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். அனுமதி அதன்பின் நான்கு மாதத்தில் வந்தது. நற்கருணை இவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் எந்தத் தவறும் செய்யாதவள்தான் கடைசிவரை விலை கொடுத்தாள். இதை மென்மையாக எழுதும் வழி எனக்குத் தெரியவில்லை. இப்போது அவளுக்கு வேலையில் பதவி உயர்வு. திருமணப் பேச்சு வேண்டாம் என்கிறாள், தற்போதைக்கு.

ரோமிலிருந்து வந்த ஆணையில் கணவருக்கு ஒரு தடை சேர்க்கப்பட்டிருந்தது. ஆயரைக் கலந்து அனுமதி பெறாமல் அவர் திருச்சபையில் மறுபடி மணம் செய்யக்கூடாது. இன்னொரு பெண்ணுக்கு இதே நிலை வராமல் காக்கும் ஏற்பாடு. அவர் இதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர் அந்தத் தாளை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார். ஒன்றை அம்மாவிடம் கொடுத்து, "திருச்சபையே எனக்குத் தடை போட்டிருச்சும்மா, இனி பொண்ணு பாக்காதீங்க" என்றாராம். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. பெண் பார்ப்பதும் நின்றுவிட்டது. மருமகள்தான் குடும்பம் நடத்தத் தெரியாமல் போய்விட்டாள் என்று அந்த அம்மா இன்றும் நம்புகிறார். அதைத் திருத்தும் துணிவு மகனுக்கு இன்னும் வரவில்லை. இந்த வழக்கின் முடியாத பாகம் அது.

அவர் இப்போது வேறு நகரத்தில். ஞாயிறு திருப்பலிக்குப் போகிறார், கடைசி வரிசையில் நிற்பதாகச் சொல்கிறார். 2023 டிசம்பரில் வத்திக்கான், தன்பாலினத் துணைவர்களுக்கு, திருமணச் சடங்கின் சாயல் இல்லாமல், எளிய ஆசீர் அளிக்கலாம் என்ற அறிக்கையை வெளியிட்டபோது எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "இது கல்யாணம் இல்லன்னு தெரியும் மேடம். எங்களையும் நெனச்சு ஆசீர்னு ஒரு வார்த்த எழுதியிருக்காங்க, அதத்தான் திரும்பத் திரும்பப் படிச்சிட்டிருக்கேன்." அவருடைய மற்றக் கேள்விகளுக்கு என்னிடம் விடை இல்லை. பொறுமையாகக் கேட்கும் ஒரு குருவின் தொடர்பைக் கொடுத்தேன்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

என் அலுவலகத்தில் முதல் சந்திப்பு இப்போது எப்போதும் தனித்தனி. கூட்டு அமர்வு அதற்குப் பிறகுதான். திருமணமாகி எத்தனை வருடமானாலும், தாம்பத்யம் உண்டா, அதில் சம்மதம் உண்டா என்று இருவரிடமும் தனியே கேட்கிறேன். எனக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால் எத்தனை பேரிடம் கேட்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் மறைமாவட்டத்தில் திருமணத்துக்கு முந்தைய விசாரணையையும் மாற்றக் கேட்டேன். எதுவும் தடையில்லை என்பது உறுதியான பின்பே திருமணம் நடத்த வேண்டும் என்கிறது 1066ஆம் சட்டம். பெற்றோர் முன்னால், இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கால் மணி நேரத்தில் எதை உறுதிசெய்ய முடியும்? தனித்தனியாக, அரை மணி நேரமாவது, 'உங்களுக்கு இந்தத் திருமணம் வேண்டுமா, அல்லது வேறு யாருக்காவது வேண்டுமா?' என்று கேட்கும் படிவம் ஒன்றைத் தயாரித்தோம். சில பங்குகளில் பின்பற்றுகிறார்கள். பல பங்குகளில் அலமாரியில் இருக்கிறது. வேண்டாம் என்று ஒருவர் தனியே சொன்னால், அவரைக் காட்டிக்கொடுக்காமல் திருமணத்தை நிறுத்துவது எப்படி என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. அதைப் பங்குத்தந்தையின் சாமர்த்தியத்துக்கு விட்டிருக்கிறோம். போதாது.

ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதை ஒரு குரு எங்கேயும் பயன்படுத்த முடியாது. அந்த இரகசியத்தில் கைவைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொட்டிக்குள்ளேயே, பாவமன்னிப்புக் கேட்டு வரும் இளைஞனிடம் 'கல்யாணம் செய்துகொள்' என்று சொல்வதா 'இந்த நிலையில் ஒரு பெண்ணை மணப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம்' என்று சொல்வதா என்பது குருவின் கையில்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு குருக்களின் மாதாந்திரக் கூட்டத்தில் பெயர் ஊர் எதுவும் சொல்லாமல் இதைப் பேசினேன். கேள்வி எதுவும் வரவில்லை. வெளியே வந்தபோது வயதான ஒரு குரு என்னை நிறுத்தினார். "அந்தப் பையன் என்கிட்ட வந்திருந்தாலும் நான் அதையேதாம்மா சொல்லியிருப்பேன். எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேனோ" என்றார். பிறகு அந்தப் படிவத்தில் ஒரு பிரதி கேட்டார். பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.